நிகர எடை

மூன்றாம் நாளும் ஜன்னல் கம்பி
விரலை விடவில்லை.
வேலந்தாவளத்தில், எடைமேடைக்குப் பின்சந்தில்,
பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு.
வாடகை குறைவு. காரணம் அடுக்களை.
"சோப்புத்தண்ணி போதும் தம்பி" என்றார் மீரான் ராவுத்தர்.
சோப்புத்தண்ணி அதன்மேல் முத்துமுத்தாய் உருண்டு
என் செருப்பில் விழுந்தது.

தேங்காயெண்ணெய் என்றால் வெந்நீரைக் கண்டதும் இளகும்.
கடலையெண்ணெய் கொஞ்சம் முரண்டு பிடித்து
சமையல் சோடாவுக்குப் பணியும்.
இது பாமாயில்.
புகைந்து புகைந்து சுவரேறி, தூசி தின்று,
வேப்பம்பிசின் மாதிரி இறுகியது.
எலுமிச்சை தேய்த்தேன், வாசம் வந்தது.
வினிகர் ஊற்றினேன், கண்ணீர் வந்தது.
சாம்பல் போட்டேன்,
சாம்பலும் அங்கேயே குடிவந்துவிட்டது.

லாரி கழுவுகிற ஜெயபாலன்தான் சொன்னான்:
"எண்ணெய எண்ணெய்தான் கூப்பிடும்ணே."

ஒரு கிண்ணம் நல்லெண்ணெய். கிழிந்த பனியன்.
பூசிவிட்டு மதியம் முழுக்கச் சும்மா இருந்தேன்.
பிறகு சோடா, கொதிநீர், தோசைத்திருப்பி.
வந்தது.
தேன்நிறத்தில், சுருள் சுருளாக,
மரம் இழைத்த மாதிரி.
கொதிநீர் பட்ட இடத்தில் திடீரென்று
பழம்பொரி மணந்தது.

சுரண்டியதை வாளியோடு கொண்டுபோய்
எடைமேடையில் வைத்துப் பார்த்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
பூஜ்யம் காட்டியது.

அடுப்புக்குப் பக்கத்து அலமாரிக் கதவின் உள்புறம்
பாதி துடைத்த பிறகுதான் பார்த்தேன்,
பேனாவால் எழுதிய வரிசை.
மலையாளம் நான் பஸ் போர்டில் படித்தவன்.
மேடம் 12. மேடம் 31. இடவம் 19. மிதுனம் 7.
பக்கத்தில் ஒரு சிலிண்டர் படம்,
குழந்தை வரைந்தது போலக் குட்டையாக.

லாரியின் எடையைக் கழித்துச் சுமையைச் சொல்வது என் பிழைப்பு.
கழித்தேன்.
பத்தொன்பது நாள். பத்தொன்பது. பத்தொன்பது.
அதற்கு மேலே என் துணி
ஏற்கெனவே தின்றுவிட்டது;
மங்கலாய் ஒன்றிரண்டு நாற்பதுகள்.
கீழே ஒரே ஒரு வரி மிச்சம்:
சிங்ஙம் 12.
அறுபத்தெட்டு நாள்.

"விலாசினி" என்றார் ராவுத்தர்.
"சாவடி டீக்கடை எல்லாத்துக்கும் அவ போட்ட பலகாரம்தான்.
லாரிக்காரன் மணிக்கணக்கா நிப்பான், திம்பான்.
வரிச்சாவடிய எடுத்தாங்க.
அப்புறம் எவன் நிக்கிறான்?"
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து,
"அட்வான்ஸ்ல ரெண்டு மாசம் கழிச்சுட்டுதான் கொடுத்தேன்" என்றார்,
நான் கேட்காமலே.

என் சிலிண்டர் கோயமுத்தூர் விலாசத்தில் இருக்கிறது.
சாயங்காலம் எக்செல்லில் கட்டி
எல்லை தாண்டிக் கொண்டுவந்தேன்.
நிறுத்தி யாரும் கேட்கவில்லை.
கேட்க அங்கே யாரும் இல்லை,
ஒரு தகரக் கொட்டகை,
அதற்குள் ஆடு.

டீ போட்டேன். சுவரில் என் முகம் லேசாகத் தெரிந்தது.
இவ்வளவு வெள்ளையா இந்த ஓடு என்றிருந்தது.
சட்டைப்பையில் பேனா இருந்தது.
எங்கள் கணக்கில் அன்றைக்கு ஐப்பசி நாலு,
அவள் கணக்கில் துலாம்.
எந்த மாசத்தை எழுதுவது என்று யோசித்ததில்
டீ ஆறிவிட்டது.

மறுநாள் ராவுத்தர் எட்டிப் பார்த்து,
"சுத்தமாச்சா? வெள்ளையடிக்க ஆளு சொல்லட்டா?" என்றார்.
ஆச்சு என்றேன்.
அடுக்களைக்கு வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.
அலமாரிக் கதவில் சாய்ந்தபடி.

அதன் கைப்பிடி
இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது.